டேபிள் வரிசையிலிருந்து (row) வரும் பொருளுக்கு இனிட் ஓடாதா?

உட்லண்ட்ஸ்வாசி:
எஸ்கியூஎல்ஆல்கெமியில் (டேட்டாபேஸ் வரிசைகளைப் பைத்தான் பொருள்களாகத் தரும் லைப்ரரி) பார்சல் என்றொரு கிளாஸ். இனிட்டில் (பொருளை உருவாக்கும்போது ஓடும் __init__ மெத்தட்) self.குறிப்புகள் என்று ஒரு வெற்றுப் பட்டியல் வைத்தேன். அது டேபிளில் உள்ள நெடுவரிசை (column) இல்லை. புதுப் பார்சல் போட்டால் சரியாக ஓடுகிறது. டேட்டாபேஸிலிருந்து எடுத்தால், அந்தப் பட்டியலே இல்லை என்று அட்ரிபியூட் எரர். நேற்று ராத்திரி கடைசி எம்ஆர்டி ரயிலில்கூட இதையே நோண்டிக்கொண்டு வந்தேன். இனிட்டில் போட்ட பிரிண்ட் வரவே இல்லை!

தேக்காகாரன்:
வராது தம்பி. வரிசையை எடுக்கும்போது எஸ்கியூஎல்ஆல்கெமி இனிட்டைக் கூப்பிடுவதில்லை. நியூ (__new__) மெத்தடால் வெறும் பொருளை உருவாக்கி, மதிப்புகளை நேராக உள்ளே வைத்துவிடும். பொருளைச் சேமித்துத் திரும்ப எடுக்கும் பைத்தானின் பிக்கிள் மாதிரி. ரீகன்ஸ்ட்ரக்டர் டெக்கரேட்டர் (மெத்தடுக்கு மேலே போடும் @reconstructor குறி) போட்டு ஒரு மெத்தட் எழுதுங்கள், டேட்டாபேஸிலிருந்து எடுக்கும்போது அது ஓடும், பட்டியலை அங்கேயும் உருவாக்குங்கள். புதுப் பொருளுக்கு அது தானாக ஓடாது, இனிட்டிலிருந்து நீங்களே கூப்பிட வேண்டும்.

ஜூரோங்அக்கா:
ஜாங்கோவிலிருந்து (பைத்தானின் இன்னொரு வெப் ஃபிரேம்வொர்க்) வந்தவரா? அங்கே டேட்டாபேஸிலிருந்து எடுத்தாலும் ஃப்ரம்_டிபி மெத்தட் வழியாக இனிட் ஓடும், அந்தப் பழக்கம்தான் கவிழ்க்கும். இன்னொன்று: அதே செஷனில் (டேட்டாபேஸோடு பேசும் ஒரு அமர்வு) அதே வரிசையை மறுபடி கேட்டால், பழைய பொருள் இன்னும் கையில் இருந்தால் அதுவே கிடைக்கும், ரீகன்ஸ்ட்ரக்டர் திரும்ப ஓடாது.

உட்லண்ட்ஸ்வாசி:
ஆமாம் அக்கா, 3 வருஷம் ஜாங்கோதான். இப்போது பிரிண்ட் வருகிறது. தேக்காகாரருக்கு ஒரு தே தாரிக் கடன்.