ஃப்ரீசரில் மீன் வாடை: ஃபேன் ஓடினால் மட்டும் வருகிறது

தூத்துக்குடி. 260 லிட்டர் டபுள் டோர் ஃப்ரிட்ஜ், ஃப்ராஸ்ட் ஃப்ரீ (ஐஸ் தானாக உருகி வடியும் வகை), ஆறு வருஷப் பழசு. போன மாதம் ரெண்டு நாள் கரண்ட் இல்லாததில் உள்ளே இருந்த சாளை அழுகித் தண்ணீர் விட்டுவிட்டது.

லிட்டர் வெந்நீருக்கு ரெண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டு முழுக்கத் துடைத்தாச்சு. கேஸ்கெட் (கதவு ரப்பர்) மடிப்பில் டூத்பிரஷ் விட்டுத் தேய்த்ததில் கறுப்பாகப் பிசுக்கு வந்தது. பின்னால் கம்ப்ரஸர் மேல் உள்ள தண்ணீர்த் தட்டையும் கழுவியாச்சு. கரியும் வைத்துப் பார்த்தாச்சு. (எலுமிச்சை வேண்டாம்.)

ஆஃப் பண்ணினால் வாடை இல்லை. ஃபேன் சுற்றியதும் குப்பென்று அடிக்கிறது, ஐஸ் கட்டியிலும் ஏறுகிறது. ஃப்ரீசரின் பின் பேனலுக்குள், குளிர்விக்கும் காயிலுக்கு அடியிலோ வடிகால் குழாயிலோ மீன் தண்ணீர் தங்கியிருக்கணும்.

பிளக்கைப் பிடுங்கிப் பேனலைக் கழற்றினால், ஹீட்டர், சென்சர் ஒயர் கனெக்‌ஷனில் தண்ணீர் படாமல் அந்த இடத்தை எப்படிக் கழுவுவது?