புழுவின் வயது, ஒற்றை எண், குறுக்கு விசாரணை

மாலதி_தடயவியல்:
இறந்த நேரத்தைக் கணிக்க, உடலில் எடுத்தவை கிரைசோமியா மெகாசெஃபாலா என்ற ஈயின் புழுக்கள், மூன்றாம் (கடைசி) பருவம், நீளம் 14 மி.மீ. வானிலை நிலையம் 11 கி.மீ. தள்ளி இருக்கிறது, அதன் சராசரி 27 டிகிரி. புழு வளர்ச்சி நின்றுவிடும் அடிப்படை வெப்பநிலை 10 என்று வைத்து, அதற்கு மேலுள்ள டிகிரியை மணி நேரத்தால் பெருக்கும் டிகிரி-மணி கணக்குப் போட்டால் ஒரே ஒரு நேரம் வருகிறது. அதையே அறிக்கையில் எழுதலாமா? வக்கீல் எங்கே பிடிப்பார்?

ஈக்கணக்கு:
முதலில் அந்த 27-ஐத்தான் பிடிப்பார். 27-க்கு ஒரு நாளில் (27−10)×24 = 408 டிகிரி-மணி சேரும். உடல் கிடந்த இடம் உண்மையில் 30 என்றால் 480. உதாரணத்துக்கு 1,200 டிகிரி-மணி தேவை என்று வைத்தால் முதல் கணக்கில் 70½ மணி நேரம், இரண்டாவதில் 60. மூன்று டிகிரியிலேயே பத்து மணி நேரம் நழுவிவிடுகிறது.

உடல் கிடந்த அதே உயரத்தில், நேர் வெயில் படாமல், வெப்பநிலையைத் தானே பதிவு செய்யும் டேட்டா லாகரை ஐந்து முதல் பத்து நாள் வையுங்கள். மணிக்கொரு அளவு போதும். அதே நாட்களின் நிலைய அளவுகளோடு ஒப்பிட்டுத் தொடர்புச் சமன்பாடு எடுத்து, பழைய நாட்களின் வெப்பநிலையைத் திருத்துங்கள். பருவநிலை மாறுவதற்குள் வைத்தால்தான் பயன். புழுக்கூட்டம் பெரிதாக இருந்தால் அதன் உட்சூடு வெளிக்காற்றைவிட 10 டிகிரிக்கு மேலும் ஏறும். எடுக்கும்போதே கூட்டத்தின் நடுவில் வெப்பமானியைச் செருகிக் குறித்தார்களா என்று பாருங்கள்.

புழுக்குப்பி:
14 மி.மீ. என்பதை நான் நம்பமாட்டேன், எப்படிக் கொன்றார்கள் என்று தெரியும்வரை. உயிரோடு நேராக எத்தனாலில் போட்டால் புழு சுருங்கிக் கருத்துப்போகும்; வயது குறைவாக வரும். 80 டிகிரிக்கு மேல் சூடான நீரில் அரை நிமிடம், பிறகு 80% எத்தனால். அதுதான் முறை. பாதியை உயிரோடு வளர்த்து, ஈயாக வெளிவந்ததும் இனத்தை உறுதி செய்ய வேண்டும்.

இன்னொன்று: உணவை நிறுத்திய புழு மீண்டும் குறுகும். ஆகவே ஒரே நீளத்துக்கு இரண்டு வயது உண்டு. தீனிப்பை கருப்பாக நிறைந்திருக்கிறதா, காலியா என்று பார்த்தால் இன்னும் வளர்கிறதா, குறுகத் தொடங்கிவிட்டதா என்று தெரியும். அதே பேரினத்து இன்னொரு ஈயான கிரைசோமியா ரூஃபிஃபேசியஸின் புழுவும் கூட இருந்ததா? அது மற்றப் புழுக்களைத் தின்னும். மூத்தவை காணாமல் போயிருந்தால் உங்கள் கையில் இருப்பது இளையவை மட்டுமே.

மாலதி_தடயவியல்:
ரூஃபிஃபேசியஸ் இருந்தது. ஆறு புழுக்கள்தான் வந்தன, எல்லாம் எத்தனாலில். மார்ச்சுவரியில் எடுத்தவை.

ஈக்கணக்கு:
அப்படியானால் குளிரறையில் இருந்த நேரத்தையும் கேட்டு வாங்குங்கள். 4 டிகிரி அறையிலும் பெருங்கூட்டம் தன் சூட்டில் வளரும்; அந்த மணி நேரத்தை அப்படியே பூஜ்யம் என்று விடக்கூடாது.

அறிக்கையில் ஒற்றை நேரம் வேண்டாம். வெப்பநிலைத் திருத்தம், நீள அளவு, எந்த வளர்ச்சி அட்டவணை என ஒவ்வொன்றின் கீழெல்லையும் மேலெல்லையும் கொடுங்கள். நீங்கள் அளப்பது ஈ முட்டையிட்ட நேரம், இறந்த நேரம் அல்ல. இரவிலோ, போர்த்திய உடலிலோ, மூடிய அறையிலோ முட்டையிடுவது தள்ளிப்போகலாம். 2009-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழக அறிக்கை தடயவியல் முடிவுகளோடு பிழை அளவும் சேர வேண்டும் என்றது. 2002-இல் சான் டியேகோவில் நடந்த வெஸ்டர்ஃபீல்ட் கொலை வழக்கில் பூச்சி நிபுணர்களின் மதிப்பீடுகள் ஒத்துப்போகவில்லை. வக்கீலுக்கு அதுபோல ஒன்றை எடுத்துக்காட்டுவது கடினமல்ல.

புழுக்குப்பி:
ஆறு புழுக்களோடு எல்லையைச் சுருக்கப் பார்க்காதீர்கள். "குறைந்தது இத்தனை மணி நேரம்" என்று மட்டும் எழுதுங்கள். மேலெல்லைக்கு இந்த மாதிரி போதாது என்றும் சேர்த்துவிடுங்கள்.