கேஸர் மூக்கைத் தூக்கினால் பிடிப்பு கூடுமா? 24 அங்குலச் சண்டை

சுழிவேகம்:
“முன்பக்கம் எவ்வளவு உயரமோ அவ்வளவு பிடிப்பு. கிராங்க் மையம் 24 அங்குலத்தில் இல்லாத வண்டி கேஸரே இல்லை” என்று இன்னொரு இழையில் பழைய_இரும்பு தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கேஸர் என்றால் மூக்கைத் தூக்கி நிறுத்திய பழைய டிராக் பந்தயக் கார்; 24 என்பது தரையிலிருந்து எஞ்சினின் கிராங்க் தண்டு மையம் வரை உள்ள உயரம். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்ஹெச்ஆர்ஏவின் பழைய கேஸ் வகுப்பு விதியில் 24 என்பது உச்ச வரம்பு, ஐயா. இதற்கு மேல் போகாதே என்று எழுதியதை இதுவரை வந்தே தீர வேண்டும் என்று படிக்கத் தனித் திறமை வேண்டும்.

பழைய_இரும்பு:
லாபம் இல்லாத விஷயத்துக்கு எவனாவது வரம்பு போடுவானா? தூக்கினா வண்டி பாய்ஞ்சுது, அதனாலதான் 24ல கோடு போட்டான். கணக்கு வேணுமா, எடுத்துக்கோங்க. 55ஆம் வருஷ செவர்லே, வீல்பேஸ் (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடைவெளி) 115 அங்குலம், எடை 3200 பவுண்டுன்னு வைங்க. முன் ஆக்ஸில்கிட்ட 6 அங்குலம் தூக்கினா எடைமையம் 3 அங்குலம் கிட்ட ஏறும். 1 ஜி (புவியீர்ப்பு அளவு) வேகமெடுப்புல பின்னாடி கூடுதலா போற எடை 3200 × 3 ÷ 115, அதாவது 83 பவுண்டு. வண்டி 3 டிகிரி சாயுறதால மையம் ஓர் அங்குலத்துக்கு மேல பின்னாடி நகரும், அது நிக்கும்போதே 30 பவுண்டு. இதுக்கு மேல என்ன சொல்ல? 24.

சுழிவேகம்:
கணக்கு சரி, பாதியில் நிறுத்திவிட்டீர்கள். தாழ்வாகக் கட்டிய வண்டிக்கு முன்னால் 90/10 ஷாக் அப்சார்பர் போட்டால் மூக்கு சுலபமாக எழும், மெதுவாக இறங்கும். கிளம்பும்போது வேண்டிய உயரம் அதுவாகவே கிடைக்கும், கோட்டைக் கடக்கும்போது உயரம் இருக்காது. நீங்கள் சொல்வதுபோல் விறைப்பான பட்டை ஸ்பிரிங் வைத்து நிரந்தரமாகத் தூக்கினால், ஆக்ஸில் கீழே தொங்க இடமே மிச்சமிருக்காது. கிளட்சை விட்டதும் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பித் ‘தொப்’பென்று விழும். அடியில் காற்று புகுந்து மணிக்கு 120 மைலில் ஸ்டியரிங் பஞ்சாகிவிடும்.

பழைய_இரும்பு:
அந்தக் காலத்து ஸ்லிக்ஸ் (வரி இல்லாத பந்தய டயர்) எவ்வளவு ஒல்லின்னு தெரியுமா? இருந்த ரப்பர்ல பிடிப்பு வரணும்னா எடையைப் பின்னாடி தள்ளணும். அதுக்குத்தான் 24.

நாலிலொருமைல்:
நீங்கள் சொல்வதிலேயே பதில் இருக்கிறது, தலைவரே. சுருங்கி விரியும் பக்கச்சுவர் கொண்ட ஸ்லிக்ஸ் வந்ததும் வண்டிகள் மறுபடி தாழ ஆரம்பித்தன. உயரம் அன்றைய ரப்பருக்கான மருந்து. இன்றைய ரப்பரைப் போட்டுக்கொண்டு அன்றைய மருந்தைக் குடிக்கிறீர்கள்.

பழைய_இரும்பு:
நீங்க போன மாசம் லேடர் பார் (பின் ஆக்ஸிலைப் பிடிக்கிற கம்பி) இழையில என்ன எழுதினீங்கன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. பினியன் கோணத்தை (பின் ஆக்ஸிலுக்குள்ள போற தண்டோட சாய்வு) சேஸிஸ்ல இருந்து அளக்கச் சொன்ன ஆள் எனக்கு மருந்து எழுதுறாரு.

நாலிலொருமைல்:
டிரைவ்ஷாஃப்டோடு ஒப்பிட்டு, வண்டி தன் உயரத்தில் நிற்கும்போது, 1 முதல் 2 டிகிரி கீழ்நோக்கி என்றுதான் எழுதினேன். இழை அங்கேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

கிங்பின்:
உயரத்தைப் பற்றி அடித்துக்கொள்கிறீர்கள், காஸ்டரைப் பற்றி, அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வைப் பற்றி, ஒருவரும் பேசவில்லை. சேஸிஸைச் சமமாக வைத்து 7 டிகிரி காஸ்டரில் பட்டைப் பிடிமானங்களை வெல்ட் செய்துவிட்டு, அப்புறம் மூக்கை 3 டிகிரி தூக்கினால் காஸ்டர் 10 ஆகிவிடும். நேர்க்கோட்டில் நன்றாக ஓடும், ஆனால் மெதுவாகத் திருப்பும்போது கை வலிக்கும். கிங்பின் (சக்கரம் திரும்பும் ஊசி) புஷ் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் முன்சக்கரம் ஆட்டம் போடும். எனவே இறுதி உயரத்தில், டயரும் எஞ்சினும் ஏற்றிய பிறகு அளக்க வேண்டும். டோ-இன் (முன்சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கி இருக்கும் அளவு) 1/16 முதல் 1/8 அங்குலம். குறுக்கு டிராக் லிங்க் (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) வைத்தால் பன்ஹார்ட் பாரும் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) வேண்டும், இரண்டும் கூடியவரை ஒரே நீளம், ஒரே சாய்வு. இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்துக்குப் பதில் பட்டையின் முனையிலுள்ள ஷாக்கிள் இணைப்பில் உடம்பு பக்கவாட்டில் நகரும்.

பழைய_இரும்பு:
நல்லா சொன்னீங்க கிங்பின். 24 அங்குலத்துல நிறுத்தி வச்சு அளந்தா எல்லாம் சரியா வரும்.

கிங்பின்:
நான் 24 என்று சொல்லவே இல்லை.

டபுள்குவாட்:
உயரத்தை விடுங்க பாஸ், மேல ஒரு 6-71 புளோயர் (எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்குற கருவி) வச்சா வேலை முடிஞ்சுது. 671 கன அங்குலக் காத்து, சும்மாவா?

சுழிவேகம்:
671 கன அங்குலமா! ஜிஎம் டூ-ஸ்ட்ரோக் டீசலில் 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். அந்த எஞ்சினுக்கு மூச்சு கொடுத்த புளோயர் என்பதால் அந்தப் பெயர்.

டபுள்குவாட்:
பேருதானே, காத்து காத்துதான்.

நாலிலொருமைல்:
புளோயர் வைத்தால் நேரம் குறையும், நேரம் குறைந்தால் கூண்டு. கால் மைலை 11.49 நொடியில் ஓடினால் ரோல் பார் (ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு குழாய் வளைவு), 10.99ல் கூண்டு (சுற்றிலும் குழாய்). ஃபயர்வாலும் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) தரையும் மாற்றாத வண்டிக்கு 10.00 வரை ரோல் பார் போதும் என்று சலுகை உண்டு. ஆனால் கேஸரில் எஞ்சினை வீல்பேஸில் 10 சதம் பின்தள்ள ஃபயர்வாலை வெட்டியிருப்பீர்கள், சலுகை போச்சு. 115க்கு அது 11.5 அங்குலம், முன் ஸ்பிண்டில் மையத்திலிருந்து முதல் ஸ்பார்க் பிளக் வரை. எடையைப் பின்னால் கொண்டுபோக அதுதான் வழி, உயரம் அல்ல.

பழைய_இரும்பு:
கூண்டை மிக் வெல்டிங்ல ஒட்டிட்டு வர்றவங்க எனக்கு விதி படிக்க வேண்டாம்.

நாலிலொருமைல்:
மைல்ட் ஸ்டீலுக்கு மிக் தாராளமாகச் செல்லும். 1.625 அங்குலக் குழாய், சுவர் 0.118. குரோமாலி எஃகு என்றால்தான் டிக் வெல்டிங் கட்டாயம், சுவர் 0.083. எந்தக் குழாய் என்று கேட்காமலே குறை சொல்கிறீர்கள்.

பழைய_இரும்பு:
பேச்சை மாத்தாதீங்க. 24ஆ இல்லையா?

சுழிவேகம்:
24 என்றால் எங்கே அளந்த 24? வண்டி 3 டிகிரி சாய்ந்து நிற்கிறது. கிராங்க் 25 அங்குல நீளம் என்றால் முன் முனைக்கும் பின் முனைக்கும் 1.3 அங்குலம் வித்தியாசம்.

பழைய_இரும்பு:
டேம்பர் போல்ட்ல (கிராங்கோட முன் முனை போல்ட்) டேப் பிடிச்சு அளங்க. எல்லாரும் அப்படித்தான் அளக்குறாங்க.

கிங்பின்:
அதில் 24 வந்தால் பின் முனை 22.7தான். அதில் எதை 24 என்கிறீர்கள்?

பழைய_இரும்பு:
முன்னாடி இருக்கிறதை. அதானே கண்ணுக்குத் தெரியுது.

சுழிவேகம்:
ஸ்லிக்ஸில் காற்றைக் குறைத்தால் பின்பக்கம் ஓர் அங்குலம் இறங்கும், சாய்வு கூடும், கிராங்கும் கொஞ்சம் இறங்கும். விதியை மீறி நின்ற வண்டி காற்றைத் திறந்துவிட்டதும் விதிக்கு உட்பட்டுவிடுமோ?

பழைய_இரும்பு:
காத்து இறக்குறதுக்கு முன்னாடி அளக்கணும். இதுகூட நான்தான் சொல்லணுமா?

டபுள்குவாட்:
டூ-ஸ்ட்ரோக் டீசலுக்கு எதுக்கு புளோயர், அதை யாராவது சொல்லுங்களேன்.