வீட்டுப் பயிற்சிக்கு ரிங் வேண்டுமா, சுவர் போதுமா?

புதியவர்:
கூடைப்பந்து பழக ஒரு பந்து வாங்கியாயிற்று. வீட்டுப் பின்புறம் சிமெண்ட் தரையும் ஒரு சுவரும் உண்டு. மிச்சக் காசை ரிங்குக்குச் செலவழிக்கலாமா?

சுவர்க்காரர்:
இப்போதைக்கு வேண்டாம். முதலில் டிரிப்ளிங், அதாவது பந்தைத் தரையில் விடாமல் தட்டுவது. கண் சுவரில் ஒட்டிய டேப்பின் மேல் இருக்கட்டும். பந்து முழங்காலைத் தாண்டி எழக்கூடாது. பழகிய கைக்கு 30 நொடி, பழகாத கைக்கு 60. விரல்களால் தள்ளுங்கள், அறைகிற சத்தம் கேட்டால் உள்ளங்கை படுகிறது என்று பொருள். ஷூட்டிங்குக்குச் சுவரில் ரிங்கின் உயரமான 3.05 மீட்டரில் கோடு கிழித்துக் குறிபாருங்கள்.

வளைவு45:
கடைசி வரியை மட்டும் ஏற்கவே மாட்டேன். ரிங்கின் உள்விட்டம் 45 செ.மீ., ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்தின் விட்டம் சுமார் 24. பந்து தரைமட்டத்துக்கு 45 பாகைச் சாய்வில் இறங்கினால் அதற்குத் திறந்திருக்கும் வாய் ஏறக்குறைய 32 செ.மீ. 30 பாகையில் வெறும் 22.5, விளிம்பில் இடிக்காமல் நுழையவே முடியாது. தட்டையாக எறிந்தாலும் சுவர்க்கோட்டில் பட்டுவிடும், தப்பு தெரியாது.

ரிங்கை மலிவாகச் செய்துகொள்ளலாம். 16 மி.மீ. கம்பியை 146.5 செ.மீ. வெட்டி, வளைத்து வெல்டிங் வையுங்கள். 45-ஐ 3.14-ஆல் பெருக்கி 141 வெட்டினால் கம்பித் தடிமன் உட்பக்கத்தைத் தின்று, வாய் 43 சொச்சத்துக்குச் சுருங்கிவிடும்.

சுவர்க்காரர்:
கணக்கு சரி, சுவர்க்கோட்டை விட்டுவிடுகிறேன். அதற்காக ரிங் என்று ஆகாது. மல்லாந்து படுத்து ஒரே கையால் நேர்மேலே எறியுங்கள்; பந்து அதே கைக்குத் திரும்பாவிட்டால் முழங்கை விலகுகிறது. பிறகு நின்று, 3 மீட்டர் தள்ளித் தரையில் வைத்த குறிமேல் உயர வளைத்துப் போடுங்கள். பின்சுழற்சி (பந்து உங்களை நோக்கிப் பின்னோக்கிச் சுழல்வது) இருந்தால் தரையில் பட்ட பந்து உங்கள் பக்கமே திரும்பும். ஹாலோ பிளாக் சுவரில் ரிங் மாட்டினால் போல்ட் ஆடி ஆடிப் பிடுங்கிக்கொள்ளும். கீழே நிற்பவர் தலை என்ன ஆவது?

வளைவு45:
அந்தச் சுவரில் கூடவே கூடாது, உண்மை. உறுதியான சுவரென்றால் போல்ட்டை மறுபக்கம்வரை விட்டு இரும்புத் தகடு வைத்து முறுக்க வேண்டும். ரிங்கை அதன் பின்னால் இருக்கும் பலகையான போர்டோடு ஒட்டி வைக்காதீர்கள். உள்விளிம்புக்கும் போர்டுக்கும் 15 செ.மீ. இடைவெளி விடாவிட்டால் போர்டில் பட்டு விழும் ஷாட் எல்லாம் பொய்ப்பழக்கமாகும். பின்சுழற்சிப் பயிற்சி நல்லது. ஆனால் தூரத்தைக் கைக்குக் கற்றுத்தர ரிங்கால்தான் முடியும்.

மூன்றாமவர்:
என்ன பந்து என்று இருவருமே கேட்கவில்லையே! சிமெண்டில் தோல் பந்து சீக்கிரம் உரிந்துபோகும், ரப்பர்தான் தாங்கும். காற்றளவு வால்வருகே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 7 முதல் 9 பிஎஸ்ஐ. அது குறைந்தால் பந்து கைக்கு எழாது. எழவைக்கத்தான் பலர் உள்ளங்கையால் அறைகிறார்கள்.