பொதுச்சேவைத் தளத்தைப் புதுப்பிக்கும்போது முதலில் எதை மாற்ற வேண்டும்?

மலையோரம் (ஏற்காடு):
வணக்கம். விண்ணப்பங்களை இணையத்தில் பதிவு செய்து தரும் ஒரு மையத்தில் பணியாற்றுகிறேன். சேர்வராயன் மலைக்கிராமங்களிலிருந்து சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் வருகிறவர்களில் பலர், கையில் திறன்பேசி இருந்தும், தளத்தைத் திறந்து பார்த்துப் புரியாமல்தான் பேருந்து ஏறி வருகிறார்கள். நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு தளத்தைப் புதுப்பிக்கப் போவதாகச் சொல்லி எங்களிடமும் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். பேச்செல்லாம் முகப்புப் படங்களைப் பற்றியே இருக்கிறது. நான் எதை வலியுறுத்தலாம்?

அஸ்தம்பட்டி:
நான் பார்வையற்றவன், திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானைக் கொண்டு கணினியைப் பயன்படுத்துகிறேன். முகப்பில் எந்த அணையின் படம் இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். படிவத்தை ஸ்கேன் செய்து படமாக ஏற்றினால் திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக இருந்தாலோ, தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளை வாசிக்கிறது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான ஒருங்குறியை (யூனிகோடு) தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்ட பிறகும் அத்தகைய கோப்புகள் இன்னும் கண்ணில் (என் நிலையில், காதில்) படுகின்றன. சென்ற ஆண்டு ஒரு தளத்தில் முக்கால் படிவத்தை நிரப்பிய பின், படத்திலுள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொன்னது. ஒலிவழி மாற்று இல்லை. உதவிக்கு மகள் வருவதற்குள் நேரம் முடிந்து, நிரப்பியதெல்லாம் அழிந்துபோயிற்று.

இவற்றைச் சலுகையாகக் கேட்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. மைய அரசு தன் இணையதளங்களுக்காக 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறைகளின் மூன்றாம் பதிப்பும் 2023இல் வந்துவிட்டது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு நெறி. வெயிலில் நின்று திறன்பேசியைப் பார்ப்பவருக்கும் அது உதவும்.

ஐந்துரோடு:
துறைவாரியாக அடுக்காமல், மக்கள் செய்ய வரும் வேலையின்படி அடுக்கச் சொல்லுங்கள். பட்டாவில் பெயர் மாற்ற வந்தவருக்கு அது எந்தத் துறையின் பொறுப்பு என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிரிட்டன் 2012இல் தன் துறைத் தளங்களை ஒரே தளத்தின் கீழ்க் கொண்டுவரத் தொடங்கியதும் இந்த எண்ணத்தில்தான். கருத்து எழுதி அனுப்புமுன், உங்கள் வரிசையில் நிற்பவர்கள் நான்கைந்து பேரிடம் திறன்பேசியைக் கொடுத்து, வாய் திறக்காமல், விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள்.

கோட்டைவாசல்:
கட்டணத்தையும் தேவையான ஆவணங்களையும் முதல் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். அவை தெரியாத இடத்தில்தான் இடைத்தரகரும் போலித் தளமும் பிழைக்கிறார்கள். முகவரி 'கவ்.இன்' (.gov.in) என்று முடிகிறதா எனப் பார்க்கும்படி நாம் மக்களுக்குச் சொல்லலாம். ஆனால் பக்கம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்ற தேதியைத் தளம்தான் சொல்ல வேண்டும்.

மலையோரம் (ஏற்காடு):
நன்றி. இன்று ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். மூவரின் விரல் 'குறியீட்டை உள்ளிடுக' என்ற இடத்தில் நின்றுவிட்டது. ஓர் அம்மா, "எந்தக் குறியீடு, போனுக்கு வந்ததா, படத்துல இருக்கறதா?" என்று கேட்டார். எனக்கே ஒரு கணம் விடை தெரியவில்லை; அந்தப் பக்கத்தில் இரண்டும் அதே பெயரில்தான் இருந்தன.