அவித்த முட்டை ஓட்டோடு பிய்ந்து வருகிறதே, என்ன செய்யலாம்?

கேள்வி: முட்டையை உரித்தால் பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு போய்விடுகிறது. இத்தனைக்கும் புத்தம் புது முட்டை. உப்புப் போட்டும் பார்த்தாச்சு.

பதில்: புதுசு என்பதுதான் சிக்கலே. புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு அதிகம், காரத்தன்மை குறைவு. அதனால் வேகும்போது உள்சவ்வோடு இறுக ஒட்டிக்கொள்ளும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வையுங்கள். ஓட்டின் நுண்துளை வழியே வாயு வெளியேறிவிடும்.

கேட்டவர்: இன்றைக்கே வேண்டுமே!

இன்னொருவர்: சரி, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு கரண்டியால் மெதுவாக இறக்குங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினால் அதிகம் ஒட்டும். 11, 12 நிமிடம் போதும். உடனே ஐஸ் தண்ணீர். அப்புறம் அகன்ற முனையைத் தட்டுங்கள், காற்றறை அங்கேதான் இருக்கிறது. சவ்வு நகத்தில் சிக்கியதும் குழாய்த் தண்ணீரில் காட்டி உரியுங்கள், தோல் மாதிரி கழன்று வரும்.