சுயமரியாதைத் திருமணம்: உங்கள் வீட்டில் எப்படி நடந்தது?

போன மாதம் தம்பிக்குக் கல்யாணம். அப்பா கட்சிக்காரர். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, மாலை மாற்றித் தாலி கட்டுவதோடு சரி என்று சொல்லிவிட்டார். அப்பத்தா போட்டது ஒரே நிபந்தனை: "பத்தரைக்குள்ள தாலி ஏறிடணும்." அழைப்பிதழில் முகூர்த்தம் என்ற பேச்சே இல்லை, காலை 9.30 மணி என்று மட்டும் இருந்தது. தலைமை தாங்க வேண்டிய மாவட்டப் பிரமுகர் 10.20 ஆகியும் வந்து சேரவில்லை. அப்பத்தா எழுந்தார். "அவரு வந்து வாழ்த்தட்டும், புள்ள இப்பவே கட்டட்டும்." கட்டியாயிற்று. பதினொன்றேகாலுக்கு வந்த பிரமுகர், நல்ல நேரம் பார்க்காமல் நடந்த திருமணம் என்று அரைமணி நேரம் பாராட்டினார். அப்பத்தா முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சின்ன மருமகள்:
எங்கள் வீட்டில் நேர் எதிர். ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், 4.30க்கு மேல் சரியாக ராகுகாலத்தில்தான் நடக்க வேண்டும் என்று மாமனார் ஒற்றைக்காலில் நின்றார். (அதற்கும் பஞ்சாங்கம் பார்க்கத்தானே வேண்டியிருக்கிறது!) ஆடியில் மண்டபம் சும்மா கிடக்கும், வாடகையை நன்றாகவே குறைத்தார்கள். நாங்கள் மோதிரம்தான் மாற்றிக்கொண்டோம். மறுநாள் காலை மாமியார் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு மஞ்சள் கயிற்றை நீட்டினார். "வெளிய போறப்ப மட்டும் போட்டுக்கம்மா, மாமாவுக்குத் தெரிய வேணாம்."

அருப்புக்கோட்டைக்காரன்:
1928இல் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்த சுக்கிலநத்தம் எங்கள் ஊருக்குப் பக்கம்தான். தாத்தா கல்யாணமும் அந்த வழியில் நடந்ததுதான். மேடை, பேச்சு எல்லாம் சரி, சிக்கல் சொத்தில் வந்தது. இப்படி நடந்த திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. பங்காளிகள் அதைப் பிடித்துக்கொண்டு, பாட்டியை மனைவியே இல்லை என்று பேச ஆரம்பித்தார்கள். 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. முன்பே நடந்த திருமணங்களும் அதனால் செல்லுபடியாயின. பாட்டிக்குக் கட்சி, கொள்கை எதுவும் தெரியாது. ஆனால் அண்ணா படம் மட்டும் சாமி படங்களுக்கு நடுவில் இருக்கும். தினமும் அதற்கும் பூ வைப்பார்.

வடக்குத் தெரு:
நானும் அவரும் கடவுளை நம்பாதவர்கள். ஆனால் காகிதத்தில் நான் இந்து, அவர் கிறிஸ்தவர். 7-ஏ எங்களுக்கு உதவாது, இருவருமே இந்துவாக இருக்க வேண்டும் என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அதில் 30 நாள் அறிவிப்பு உண்டு, பெயரும் முகவரியும் அலுவலகப் பலகையில் தொங்கும். பத்திரம் பதிய வந்த யாரோ பார்த்து, அந்த வாரமே சித்தப்பா காதில் போட்டுவிட்டார்கள். சித்தப்பா ஊர் ஊராகப் போய் சாதி ஒழிப்பு பேசுகிறவர். ஃபோனில் திட்டவெல்லாம் இல்லை. மதம் மாறுவாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"சரிம்மா, பையன் அவங்கள்ல என்ன ஆளுங்க?" என்றார்.